வெள்ளைக் கோல் தந்தால் போதுமா?

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, அவற்றை நிறைவேற்றும் ஆள் எங்கே? நாம் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்.

பார்வையற்ற பிள்ளையைக் கண்டால், "போன பிறவியிலே செய்த பாவம்" என்று பெருமூச்சு விட்டுப் போன சமுதாயம் இது. பாவமாவது, பழவினையாவது! பயிற்சி கிடைத்தவர்கள் படித்தார்கள், பதவிக்கும் வந்தார்கள். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் 2015இல் இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்தார். முற்றிலும் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. பார்வையில்லை என்பதற்காக நீதிபதிப் பதவியை மறுக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 'மாற்றுத்திறனாளி' என்ற மாண்புமிகு பெயரும், அவர்களுக்கெனத் தனித்துறையும் 2010இல் கலைஞர் ஆட்சி தந்தவை.

பெயர் கிடைத்தது, பெருமை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்ல ஆசிரியர் கிடைத்தாரா? பிரெய்லி அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்த வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில், தொடக்கப் பள்ளியில் பத்துப் பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்சநீதிமன்றம் சொன்னது.

சரி, அந்த ஆசிரியரை உருவாக்குபவர் யார்? முதுநிலை படித்த வல்லுநர்! சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தவர் வகுப்பறைக்குப் போகிறார், எம்.எட். முடித்தவர்தான் பி.எட். மாணவருக்கே ஆசானாகிறார். ஊற்று வறண்டால் வாய்க்காலில் நீர் ஏது?

"ஆறு புள்ளிகளைக் கற்பிக்க முதுநிலைப் படிப்பா?" என்று கேலி பேசுவோர் உண்டு. அந்த ஆறு புள்ளிகளில் 63 குறிகள் பிறக்கின்றன. 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெய்லி வழியே தமிழும் அவற்றில் எழுதப்படுகிறது. அதோடு முடிந்ததா வேலை? கோல் பிடித்துத் தெருவைக் கடப்பது ஒரு கலை. கணிதக் குறியீட்டை விரலால் படிப்பது வேறொரு கலை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கணிப்பொறியைக் கையாள்வது இன்னொன்று. எழுத்தைப் பெரிதாக்கித் தந்தால் படித்துவிடக்கூடிய குறைபார்வைப் பிள்ளையை, "மந்தம்" என்று கடைசிப் பலகைக்குத் தள்ளுகிறார்களே, எஞ்சிய பார்வை எவ்வளவு, அது எதற்குப் பயன்படும் என்று அளந்து சொல்ல அங்கே ஆளில்லாததால் அல்லவா? கண் மருத்துவர் பணி முடியும் இடத்தில் இவர் பணி தொடங்குகிறது.

படிக்க இடமே இல்லையா? உண்டு. டேராடூனில் தேசிய நிறுவனம் உண்டு; கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறை உண்டு. ஆனால், படித்து வந்த இளைஞனுக்குக் காத்திருப்பது என்ன? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொகுப்பூதியம்! அந்தத் திட்டத்துக்கு 2024–25இல் தமிழ்நாட்டுக்குச் சேரவேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தது. காரணம்? 'பி.எம். ஸ்ரீ' ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லையாம்! உரிமைப் பணம் கேட்டு 2025 மே மாதத்தில் தமிழ்நாடு உச்சநீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. 1976இல், 42ஆவது திருத்தத்தால், கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பெயர்த்தெடுத்தார்களே, அதன் விளைவைப் பார்வையற்ற பிள்ளையின் பள்ளிப் பையிலும் காண்கிறோம்.

டெல்லியைச் சாடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. மாநில அரசுக்கும் சொல்கிறோம்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்த முதுநிலைப் படிப்பைப் பெருக்குங்கள், பாடநூல்களைத் தமிழில் ஆக்குங்கள், படிப்போருக்கு உதவித்தொகை தாருங்கள், படித்து முடித்தோருக்கு நிரந்தரப் பணி தாருங்கள். பார்வையற்ற பட்டதாரிகளையும் அப்படிப்பில் சேர்த்துப் பேராசிரியர்களாக்குங்கள். பட்டறிவு உள்ளவனைவிடப் பாடம் சொல்லத் தகுந்தவன் யார்?

சலுகை கேட்கவில்லை நாம், சமநீதி கேட்கிறோம். விழா மேடையில் வெள்ளைக் கோல் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அந்தக் கோலைப் பிடித்து நடக்கக் கற்றுத் தருபவரை உருவாக்குவதுதான் ஆட்சி!