வெளிநாட்டில் வாலண்டியர் வேலை: பணம் யார் கொடுக்கணும்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜெர்மனி என்றால் பையர். இங்குள்ள இளைஞர்களுக்கு அங்கே போக இன்னொரு வழியும் உண்டு: வாலண்டியர் பணி.

ஜெர்மனி அரசின் 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டம் 2008-ல் அந்நாட்டு இளைஞர்களை இந்தியா போன்ற நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2013 முதல் இங்கிருந்தும் அங்கே போகலாம். தங்குமிடம், சாப்பாடு, காப்பீட்டோடு கைச்செலவுக்கும் பணம் கிடைக்கும். இங்குள்ள கூட்டாளி அமைப்புகள் வழியாகத்தான் போகணும்.

1970-ல் உருவான ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயதினருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆன்லைனில் நேரடியாக அப்ளை பண்ணலாம், கட்டணம் கிடையாது. மாதாமாதம் செலவுத்தொகையும் தருவார்கள்.

அப்போ, ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டால்? வாலண்டியராகப் போனால் அங்கேயே வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டினால் உஷார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் பதிவு வேண்டும். 'இ-மைக்ரேட்' தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்க. பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

வாரச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டில் ஒரு வருஷம் ஒருத்தர் வருமானம் நிற்பதே பெரிய செலவு. அதற்கு மேல் கடனும் வாங்கிப் போகத் தேவையில்லை.