அம்மாவின் ஒரு வரி விமரிசனம்

‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால் வாய்விட்டுச் சிரிக்க நேரம் வேண்டுமே! விடியற்காலையில் எழுந்து, சமைத்து, டிபன் பாக்ஸ்களைக் கட்டி, அலுவலகம் சென்று, மாலையில் காய்கறிப் பையுடன் பேருந்தில் நின்றுகொண்டே வீடு திரும்பும் தாய்மார்களுக்கு, சிரிப்பதற்கென்று மிஞ்சுவது இரவில் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் பார்க்கும் படங்களைப் பற்றிப் போகிற போக்கில் ஏதாவது சொல்வார்கள். பத்திரிகையில் வரும் விமரிசனத்தை வரி விடாமல் படிக்கும் நாம், நம் வீட்டுக் கூடத்தில் பிறக்கும் விமரிசனத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது சரியன்று என்பது என் கருத்து.

என் தாயார் தியாகராய நகரில் ஒரு வங்கியில் பணிபுரிகிறார். எங்கள் வீடு மயிலாப்பூரில் இருக்கிறது. இரவில் தொலைக்காட்சி முன் அமரும்போதும் அவர் கைகள் ஓய்வதில்லை. மறுநாளைக்கு அவரைக்காய் ஆய்வார், இல்லையேல் துணி மடிப்பார். ஆகவே அவர் படத்தைப் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம்.

இதனாலேயே காதால் கேட்டுச் சிரிக்கக்கூடிய படங்கள் அவருக்கு மிகவும் பிடிக்கும். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990), ‘அவ்வை சண்முகி’ (1996) ஆகிய இரண்டுக்கும் வசனம் எழுதியவர் கிரேசி மோகன். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த அவர், நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். 1976இல் எஸ்.வி.சேகரின் குழுவுக்காக அவர் எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்ற நாடகமே அவர் பெயருக்கு முன்னால் ‘கிரேசி’யைச் சேர்த்தது. சபாவில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு நடிகரின் முகபாவம் சரியாகத் தெரியாது, குரல்தான் எட்டும். ஆகவே நாடகம் எழுதுபவர் சிரிப்பைச் சொல்லுக்குள்ளேயே வைத்தாக வேண்டும். யோசித்துப் பார்த்தால் நம் வீட்டுச் சமையலறை வாசலும் ஒரு கடைசி வரிசைதான்! “இவர் படத்தைக் குக்கர் பக்கத்துல நின்னுக்கிட்டே பார்க்கலாம்” என்று அம்மா சொன்னது எவ்வளவு நுட்பமான கருத்து!

ஆனால் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் கட்டம் வந்தால் மட்டும் அம்மா அரிவாள்மணையை விட்டு நிமிர்ந்துவிடுவார். “கதை சொல்றவர் வாயைவிடக் கேட்கிறவர் மூஞ்சிலதான் சிரிப்பு இருக்கு” என்பார். எந்தப் படத்துக்குக் காது போதும், எந்தப் படத்துக்குக் கண்ணும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் கணக்கையோ அவர் தம் தொழில் கண்ணோடு பார்க்கிறார். “சாயங்காலம் கேஷ் டேலி ஆகலைன்னா எங்க பிராஞ்சுலயும் இதே கதைதான். என்ன, எங்களால சிரிக்க முடியாது” என்பார். எப்போதோ தயாரான அந்த நகைச்சுவை இன்று கேட்டாலும் புதிதாக இருப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

சில வேளைகளில் அம்மா எதுவும் சொல்வதில்லை. ஒருவரின் கறுப்பு நிறத்தையோ, பருத்த உடலையோ, திக்குவாயையோ கேலி செய்யும் காட்சி வந்தால் அவர் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும். “இதே உடம்போட இருக்கிற பொண்ணு வீட்டுல உட்கார்ந்து இதைப் பார்த்தா என்ன நினைப்பா?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலை ஒன்று தியாகராய நகரில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு ஜனவரியில் அறிஞர் அண்ணா திறந்து வைத்த சிலை அது. கலைவாணர் ‘நல்லதம்பி’ (1949) படத்தில் குடியின் தீமையையும் கல்வியின் அருமையையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர். எளியவனைக் குத்தாமல் அறியாமையைக் குத்துவதே உயர்ந்த நகைச்சுவை என்பதை என் தாயார் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனாலும் அவருடைய மௌனம் அதைத்தான் சொல்கிறது.

ஆவணப் படங்கள் என்று வரும்போதுதான் எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழுகிறது. “நாள் முழுக்க வேலை செஞ்சுட்டு வந்து இன்னும் பாடம் கேட்கணுமா?” என்பது அம்மாவின் கட்சி. இது அவர் ஒருவருடைய கருத்து மட்டுமல்ல. 1948இல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்ட வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. “நியூஸ் ரீல் முடியட்டும்னு வெளியே நின்னு முறுக்கு வாங்குவோம்” என்று என் பாட்டி சொல்வார். 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோதும், பல ஆண்டுகள் வரை ஒரே ஒளிபரப்புதான். அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க வேண்டும். கட்டாயப்படுத்தி ஊட்டினால் பாயசமும் கசக்கத்தான் செய்யும். 2022இல் அந்தப் பிலிம்ஸ் டிவிஷன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. கசப்பு மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

ஆனால் ஆவணப் படம் என்றால் பாடம்தானா? 1937இல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த ஏ.கே.செட்டியார் என்ற தமிழருக்கு, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது. காந்தியைப் படம் பிடித்தவர்களைத் தேடி அவர் நாடு நாடாகச் சுற்றினார். துண்டு துண்டாகச் சேர்த்த காட்சிகளைத் தொகுத்துத் தமிழ் விளக்கவுரையுடன் 1940இல் வெளியிட்டார். உலகப் போர் மூண்டிருந்த காலம் அது! எந்தக் கதைப் படத்துக்கும் குறைந்ததன்று இந்த முயற்சி.

இவ்வாறு வாதாடி, ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ (2022) படத்தைப் பார்க்க அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். முதுமலையிலுள்ள தெப்பக்காடு முகாமில், தாயை இழந்த ரகு என்னும் யானைக் குட்டியைப் பொம்மனும் பெள்ளியும் வளர்க்கும் கதை. கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய இந்தப் படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது. அன்றும் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். “குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அடம் பிடிச்சா கெஞ்சி... உன்னை வளர்த்த மாதிரியே இருக்குடி” என்று சிரித்தார். ரகுவை அவர்களிடமிருந்து பிரித்து வேறொருவரிடம் ஒப்படைக்கும் கட்டத்தில் முறம் தரைக்குப் போய்விட்டது. படம் முடிந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. “இவ்வளவு வேலை செய்யுதே அந்தம்மா, அதுக்குச் சம்பளம் உண்டா?”

படத்தின் ஒளிப்பதிவையும் காட்டின் அழகையும் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றியது, வீட்டிலும் வெளியிலும் உழைக்கும் ஒரு பெண்ணுக்குத்தான். அது பொருளற்ற கேள்வி அன்று. 2023இல் தமிழ்நாடு அரசு பெள்ளியை முகாமில் யானை பராமரிக்கும் ‘காவடி’ பணிக்கு நியமித்தது. அந்தப் பணியில் அமர்த்தப்பட்ட முதல் பெண் அவரே. செய்கிற வேலைக்குப் பதவியும் ஊதியமும் வேண்டும் என்பதைத்தான் அம்மாவின் ஒரு வரியும் கேட்டது.

“அரைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லலாமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மற்ற அரைக் கண் எங்கே இருக்கிறது? நமக்கு மறுநாள் டிபன் பாக்ஸில் வரப்போகும் அவரைக்காயில் அல்லவா இருக்கிறது! அதை நாம் ஆய்ந்து கொடுத்தால் அவர்கள் இரண்டு கண்களாலும் பார்ப்பார்களே!

தோழியரே! நாம் அம்மாவிடம் ஒரு நாளில் எத்தனை கேள்விகள் கேட்கிறோம்! “சாப்பாடு ரெடியா?” “என் சாக்ஸ் எங்கே?” “பீஸ் கட்டியாச்சா?” இவற்றுள் “உனக்கு எப்படி இருந்தது?” என்ற கேள்வி மட்டும் இருப்பதில்லை. அலுவலகத்திலும் அவர்களிடம் கணக்கைத்தான் கேட்கிறார்கள், கருத்தைக் கேட்பதில்லை. இந்தக் கோடை விடுமுறையில் ஓர் இரவு நகைச்சுவைப் படம், ஓர் இரவு ஆவணப் படம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் கேளுங்கள். சொல்வது ஒரு வரிதான் என்றாலும், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நாள் முழுதும் உழைத்த அனுபவம் இருக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி