நமக்கு ஓய்வு நாள் இல்லை, வக்துகள் உண்டு



சென்ற ஆண்டுக்கு முந்தைய ரமளானில் கடைசிப் பத்து நாட்கள் எங்கள் முஹல்லாப் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தேன். மதரஸாவுக்கு விடுமுறைக் காலம். ஆண்டு முழுவதும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து, ஓதிக் கொடுத்து, குர்ஆன் என் நாவுக்கு ஒரு தொழிலாக மட்டும் ஆகிவிட்டதோ என்ற அச்சம் நீண்ட நாட்களாகவே எனக்குள் இருந்தது. காலையில் மக்தப், பகலில் ஹிஃப்ழு மாணவர்களின் சபக், மாலையில் மீண்டும் மக்தப். ஒரு பிள்ளை ஓதும்போது எழுத்து தொண்டையில் சரியான இடத்திலிருந்து வருகிறதா என்று கவனிப்பேனே தவிர, அந்த ஆயத் என்னிடம் என்ன சொல்கிறது என்று நின்று கேட்டதில்லை. இமாமுக்குப் பின்னால் நிற்கும்போதும் என் காது தஜ்வீதையே எடைபோட்டுக் கொண்டிருக்கும். ஓதிக் கொடுப்பவர்கள் பலருக்கும் இந்த நோய் உண்டு, வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தப் பத்து நாட்களில் அது சற்று மாறியது. திரைச்சீலைக்குள் அமர்ந்து அவசரமின்றி ஒரே பக்கத்தை மூன்று முறை ஓத முடிந்தது. ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டதை உணர முடிந்தது. பெருநாள் பிறை தெரிந்த இரவில், இளைத்த உடலும் இலேசான மனமுமாக வீட்டுக்குத் திரும்பினேன்.

கதவைத் திறந்த மனைவியிடம் அந்த நிம்மதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் பெருநாள் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும் கையிலிருந்த மாவை வழித்துக்கொண்டே, “பத்து நாளும் அல்லாஹ்வோட வீட்ல இருந்துட்டு வந்திருக்கீங்க, அல்ஹம்துலில்லாஹ். நான் இந்தப் பத்து நாள்ல ஒரு ரக்அத்தைக்கூட அடுப்பு நெனப்பு இல்லாம தொழல” என்றார்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதேனும் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பத்து நாட்களும் எனக்கு ஸஹர் உணவும் நோன்பு திறக்கும் உணவும் தூக்குவாளியில் வந்து சேர்ந்தது நினைவுக்கு வந்தது. மூன்று பிள்ளைகளையும் நோயாளியான என் தாயாரையும் பார்த்துக்கொண்டு, பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து அதைச் சமைத்தவர் எப்போது தொழுதிருப்பார் என்று நான் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

ஓய்வைப் பற்றி நம்முடைய மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை அதன் பிறகுதான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள்; கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு. நம்முடைய வெள்ளிக்கிழமை அப்படிப்பட்ட நாள் அன்று. சூரா அல்ஜுமுஆவின் 9, 10ஆம் ஆயத்துகளைப் பாருங்கள். பாங்கு சொல்லப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையச் சொல்லும் இறைவன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடச் சொல்கிறான். தொழுகைக்கு முன்னும் வேலை, பின்னும் வேலை. நமக்கு ஓய்வு ஒரு முழு நாளாகத் தொகுத்துத் தரப்படவில்லை. ஒவ்வொரு நாளுக்குள்ளும் ஐந்து வக்துகளாகப் பங்கிட்டுத் தரப்பட்டிருக்கிறது. தொழுகைக்கு அழைக்கும்படி பிலால் (ரலி) அவர்களிடம் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அதைக் கொண்டு தங்களுக்கு ஓய்வளிக்குமாறு கேட்டதாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அவர்களுக்குத் தொழுகையே ஓய்வு. நமக்கோ, “தொழுதுட்டா ஒரு வேலை முடிஞ்சிரும்” என்பதாகவே பல நாட்கள் கழிகின்றன.

இதை ஏற்றுக்கொண்டால் இன்னொன்றையும் ஏற்க வேண்டியிருக்கிறது. வக்து என்பது ஒரு கடமையின் நேரம் மட்டுமன்று. அல்லாஹ் ஒவ்வோர் அடியானுக்கும் அளித்த ஓய்வின் பங்கு. அந்தப் பங்கு நம் வீடுகளில் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறதா?

மஃரிப் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வக்துகளிலும் குறுகியது அது. ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அதே நேரத்தில்தான் விளையாடப் போன பிள்ளைகள் வீடு திரும்புகின்றன, கைக்குழந்தை அழத் தொடங்குகிறது, பெரியவர்களுக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது, தொழுதுவிட்டு வருபவர்களுக்குத் தேநீர் வைக்க வேண்டியிருக்கிறது. கணவர் சபுராளியாக வளைகுடா நாட்டில் இருக்கும் வீடுகளில் வங்கி, மின்கட்டணம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் அந்தப் பெண் ஒருத்தியின் தலையில்தான். பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, உறக்கம் கண்களை அழுத்த, உட்கார்ந்தால் எழ முடியாது என்று அஞ்சியபடி இஷா தொழும் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்களிடம் போய்த் தொழுகையில் உள்ளச்சம் வேண்டும் என்று பயான் செய்வது எளிது. நானும் செய்திருக்கிறேன்.

அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) அவர்கள் வந்த செய்தி புகாரியில் இருக்கிறது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தவர் அபூதர்தா. அவரை ஸல்மான் உண்ண வைத்தார், உறங்க வைத்தார், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமைகள் உண்டென்று அவர் சொன்னதை நபி (ஸல்) அவர்களும் சரிகண்டார்கள். இவ்வளவும் நாம் மேடையில் சொல்வதுதான். ஆனால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஸல்மானுக்கு எப்படித் தெரிந்தது? உம்முதர்தா (ரலி) அவர்கள் தம்மைப் பேணிக்கொள்ளாத கோலத்தில் இருந்ததைப் பார்த்துத்தான். கணவரின் வணக்கத்தில் இருந்த குறை மனைவியின் தோற்றத்தில் தெரிந்தது. பெருநாள் இரவில் என் வீட்டுக்கு ஒரு ஸல்மான் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கையில் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு ஹதீஸைக் குறித்தும் நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். திரிகை அரைத்து அரைத்துக் கைகள் புண்ணான ஃபாத்திமா (ரலி) அவர்கள், பணியாள் ஒருவரைக் கேட்டுத் தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். நபி (ஸல்) அவர்கள் அப்போது அங்கே இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்றிரவு படுக்கைக்குச் சென்ற பிறகு நபியவர்கள் மகளின் வீட்டுக்கு வந்தார்கள். எழ முயன்ற இருவரையும் எழ வேண்டாம் என்று சொல்லி, இருவருக்கும் நடுவில் அமர்ந்து, பணியாளைவிடச் சிறந்த ஒன்றாக ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று கற்றுக் கொடுத்தார்கள். இந்தச் சம்பவத்தை நான் பெண்கள் பயானில் எப்படிச் சொல்லி வந்தேன் தெரியுமா? ‘வேலை அதிகம் என்று முறையிடாதீர்கள், தஸ்பீஹ் ஓதுங்கள், களைப்பு தீரும்’ என்று. இதை நமக்கு அறிவிப்பவர் அலீ (ரலி) அவர்கள் என்பதையும், நபியவர்களின் பாதங்களின் குளிர்ச்சியைத் தம் நெஞ்சில் உணர்ந்ததாக அவர்களே சொல்வதையும் வாசித்திருந்தும் யோசிக்கவில்லை. தஸ்பீஹ் மனைவிக்கு மட்டும் தரப்பட்ட மருந்தன்று. படுக்கையில் இருந்த இருவருக்கும் கற்றுத் தரப்பட்டது. அஹ்மதில் வரும் அறிவிப்பில், தண்ணீர் இறைத்து இறைத்துத் தம் நெஞ்சு வலிக்கிறது என்று அலீ அவர்களும் சொல்கிறார்கள். அது களைத்துப் போன இருவரின் வீடு. ஒருவர் களைத்து மற்றவர் இளைப்பாறும் வீட்டில் போய் இந்த ஹதீஸைச் சொல்லி வாயடைப்பது அதற்குச் செய்யும் நியாயம் ஆகாது.

சமையலும் பிள்ளை வளர்ப்பும் நிய்யத் இருந்தால் இபாதத்துதானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இந்த வாதத்தைப் பெரும்பாலும் ஆண்களின் வாயிலிருந்தே கேட்கிறேன். அதில் அவ்வளவு நன்மை இருக்கிறதென்றால் அதை முழுவதும் பெண்களுக்கே விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை நமக்கு எங்கிருந்து வந்தது? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்றே ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். தொழுவித்துக் கொண்டிருக்கையில் குழந்தை அழும் குரல் கேட்டால், அதன் தாய் படும் பாட்டை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்ட நபி அவர்கள்.

நான் சொல்வது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. பாங்கு சொன்னதும் குழந்தையை யாரேனும் ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அது பத்து வயது மகனாகவும் இருக்கலாம். ஜமாஅத்துக்குப் போய்விட்டு வரும் கணவர், தேநீர் கேட்பதற்கு முன் “நீ தொழுதுட்டியா?” என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் அடுப்பருகே தாம் நிற்க வேண்டும். கடை வைத்திருக்கும் சகோதரர்கள் தங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். முதலாளி முதல் ஸஃப்பில் நிற்க, கல்லாவுக்குக் காவலாகப் பையனை நிறுத்திவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் தைக்காக்கள் இருக்கின்றன. அங்கே போனால் அடுப்பும் தொட்டிலும் கண்ணில் படாது. நம் பக்கத்து ஊர்களிலும் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது, மினாராவின் உயரத்தைக் கூட்டுவதற்கு முன் அப்படி ஓர் இடத்தைப் பற்றி ஜமாஅத்தார் யோசிக்கலாம்.

சென்ற ரமளானில் நான் பள்ளியில் இஃதிகாஃப் இருக்கவில்லை. முஹல்லாவில் வேறு இருவர் இருந்ததால் எல்லோர் மீதிருந்த அந்தப் பொறுப்பு நிறைவேறிவிட்டது. ஹனஃபி மத்ஹபில் பெண்கள் வீட்டில் தாம் தொழும் இடத்திலேயே இஃதிகாஃப் இருக்கலாம். என் மனைவி கடைசி மூன்று நாட்கள் நஃபிலாக நிய்யத் வைத்து, உள்ளறையின் மூலையில் ஒரு பாயை விரித்துக்கொண்டார். தாயாரை நான் பார்த்துக்கொண்டேன். சமையலும் என் பொறுப்பு. ஸஹருக்கு முதல் நாள் சோறு குழைந்தது. இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. பிள்ளைகள் சகித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின், கறிச்சேர்வைக்கு உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்பதற்காக அந்த அறையின் வாசலுக்குப் போனேன். உள்ளே ஓதிக்கொண்டிருந்தார். திருமணத்துக்கு முன் நிஸ்வான் மதரஸாவில் ஓதியவர்தான். இந்த இருபது ஆண்டுகளில் அவர் ஓதி நான் கேட்டதெல்லாம் தாளிக்கும் ஓசைக்கும் குழந்தையைத் தட்டும் ஓசைக்கும் நடுவே வந்த துண்டு துண்டான ஆயத்துகள். ஒரு சூராவைத் தொடக்கத்திலிருந்து, நிறுத்தி நிறுத்தி, அவர் ஓதக் கேட்டது அன்றுதான். தஜ்வீதைக் கவனிக்க மறந்து கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றிருந்தேன். பிறகு கேட்காமலே திரும்பிவிட்டேன். நோன்பு திறந்த பிறகு, சேர்வையில் உப்புக் குறைவு என்று இளைய மகன் சொன்னான்.