ஆப்பிள் பையும் நம் அடுக்களையும்



பள்ளி விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமையன்று ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஆப்பிள் பை சுடச் செய்தோம். (பை என்றதும் புத்தகப் பையை எண்ணிச் சிரித்தோர் பலர். மாவோட்டினுள் பழத்தை வைத்து மூடிச் சுடும் ஆங்கிலேயர் பண்டம் அது.) பெற்றோர் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, அதிரசமும் முறுக்கும் இருக்க, வெள்ளைக்காரன் பலகாரம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என வினவினார். நேர்மையான கேள்வி. விடையை இம்மலரின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

எம் தந்தையார் துரை பங்களாவில் பல்லாண்டுகள் சமையற்காரராக இருந்தவர். அங்கே அவர் சுட்ட ஆப்பிள் பைகளுக்குக் கணக்கில்லை. எம் லயன் வீட்டில் ஒன்றேனும் வெந்ததில்லை. விருந்துண்டவர்களோ அதனைத் துரைசானி அம்மாளின் பை என்றே புகழ்ந்தனராம்! இங்கிலாந்தில் 1390ஆம் ஆண்டளவில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த ஏட்டிலேயே ஆப்பிள் பண்டத்திற்குச் செய்முறை உண்டு. மன்னரின் சமையற்காரர் அறிந்தது ஏடாயிற்று. தோட்டத்துச் சமையற்காரர் அறிந்தது அவர்தம் கையோடு போயிற்று. சுட்டது நம்மவர் கையாக இருக்க, அப்பலகாரத்தை அயலார் உடைமை என ஒதுக்குதல் முறையாகுமோ?

எம் தந்தையார் முதுமையில் சொல்லக் கேட்டதை இங்கே எழுதிவைக்கின்றோம். 300 கிராம் கோதுமை மாவு, அதிற்பாதி வெண்ணெய், சிட்டிகை உப்பு, நான்கைந்து மேசைக்கரண்டி குளிர்ந்த நீர். ரொட்டி சானாய்க்குப்போல் மாவை அடித்துப் பிசைதல் ஆகாது. பிசையப் பிசைய இழுவை ஏறி மேலோடு கடினமாகும். குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவோடு உதிர்த்து, புட்டு மாவின் பதம் வந்ததும் நீர் தெளித்துத் திரட்டி, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும். வெண்ணெய் அடுப்பின் சூட்டிலேதான் உருக வேண்டும். கைச்சூட்டிலேயே உருகிவிட்டால் ஓடு பொரபொரப்பாய் உதிராது. நம் நாட்டு வெயிலில் இஃது எளிதன்று. ஆதலின் பெரட்டு மணிக்கு முன்னரே மாவைத் திரட்டிவிடுவாராம்.

பழம் புளிப்புடைய பச்சை ஆப்பிளாக இருத்தல் நன்று. 1868ஆம் ஆண்டளவில் சிட்னி நகரை அடுத்து ஸ்மித் என்னும் மூதாட்டியின் நிலத்தில் தானே முளைத்த கன்றின் வழிவந்தது அது. சிவப்பு ஆப்பிளில் பலவகை வெந்தால் குழைந்து, வெறும் இனிப்பாக நிற்கும். ஐந்து பழங்களைத் தோல்சீவி நறுக்கி, 100 கிராம் சீனி, ஒரு கரண்டி சோளமாவு, பட்டைத்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாவை இரண்டாக்கித் தேய்த்து, கீழும் மேலும் இட்டு, ஆவி போக மேலே கீறிவிடுக. 200 பாகை வெப்பத்தில் 20 நிமிடமும், பின்னர் 180 பாகையில் 40 நிமிடமும் வேகட்டும்.

மாணவர் சுட்ட முதற்பையைப் பொறுமையின்றிச் சூட்டோடு வெட்டினர். பழச்சாறு தட்டெங்கும் ஓடிற்று. இரண்டாவதை இரண்டு மணி நேரம் ஆறவிட்டனர். துண்டுகள் முழுதாய் நின்றன. அவ்வறுவகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் செய்முறையைத் தம் கையெழுத்தில் தமிழில் எழுதி வைத்துள்ளனர். எமக்கு அதுவே பெருமகிழ்ச்சி.

பங்களாவிலோ விடுதியிலோ மருத்துவமனையிலோ சமைத்த பெரியவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், பிள்ளையிடம் குறிப்பேட்டைக் கொடுத்து அவரருகே அமரச் செய்யுங்கள். எழுதியதைப் பள்ளிக்கு அனுப்புங்கள். மாவும் வெண்ணெயும் யாம் வாங்கித் தருவோம். கேள்வி கேட்ட அப்பெற்றோருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். உண்டு முடித்துவிட்டு, "பட்டைத்தூள் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் ஐயா," என்றார்.