ஒரே ஒரு பங்கு

காலை நடையில் கூட வரும் நண்பர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. "வோடஃபோன்காரனிடம் வரி கேட்டதில் என்ன சார் தப்பு? உங்களை மாதிரி வக்கீல்கள்தான் அவனைத் தப்பிக்க வைத்தீர்கள்" என்றார். 30 வருஷம் கம்பெனி இணைப்பு, பங்கு விற்பனை என்று ஒப்பந்தம் எழுதியே காலம் தள்ளியவன் நான். அந்த வழக்கில் எனக்குச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை.

2007-ல் நடந்தது இதுதான். விற்றது ஹாங்காங்கின் ஹட்சிசன். வாங்கியது வோடஃபோனின் நெதர்லாந்துக் கம்பெனி. கைமாறியது கேமன் தீவுக் கம்பெனி ஒன்றின் ஒரே ஒரு பங்கு. விலை சுமார் 1,100 கோடி டாலர்! அந்தப் பங்குக்கு அடியில், பல கம்பெனிகளைத் தாண்டி, நம் ஊர் செல்போன் வியாபாரம் இருந்தது. கடற்காற்று வாங்கவா கேமனில் கம்பெனி வைக்கிறார்கள்? வரிக்காகவும்தான். மறைப்பானேன், அப்படிப்பட்ட அடுக்குகளை நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

லாபம் பார்த்தது விற்றவர். வரி கேட்டதோ வாங்கியவரிடம், "நீ ஏன் பிடித்தம் செய்யவில்லை" என்று. அமெரிக்காவில் செட்டிலானவரிடம் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இந்த டிடிஎஸ் தலைவலி தெரியும். ஆனால் ஃபிளாட் இங்கே இருக்கிறது; சட்டமும் தெளிவாக இருக்கிறது. கேமன் பங்குக்கு நம் சட்டம் எட்டாது என்று 2012 ஜனவரியில் தலைமை நீதிபதி கபாடியா அமர்வு சொல்லிவிட்டது.

இனிமேல் இப்படி விற்றால் வரி உண்டு என்று சட்டம் போட்டிருந்தால் நானே கை தட்டியிருப்பேன். பிரணாப் முகர்ஜி செய்தது என்ன? அதே வருஷ பட்ஜெட்டில், 1962 ஏப்ரலிலிருந்தே சட்டத்துக்கு இதுதான் அர்த்தம் என்று திருத்தினார். நீங்கள் 1985-ல் மகளுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்துக்கு, இன்று சட்டத்தை மாற்றி அன்றைய தேதியிலிருந்து ஸ்டாம்ப் கட்டணம் கேட்டால் விடுவீர்களா?

"அவன் பணக்காரன் சார்" என்றார் நண்பர். சரி, நமக்கு என்ன மிஞ்சியது? 2020-ல் வோடஃபோனிடமும் கெய்ர்னிடமும் சர்வதேச நடுவர் மன்றங்களில் தோற்றோம். 2021-ல் பிரெஞ்சு நீதிமன்ற உத்தரவோடு பாரிஸில் நம் அரசின் சொத்துகளைக் கெய்ர்ன் முடக்கியது. அந்த ஆகஸ்டில்தான் பழைய தேதி வரியைக் கைவிட்டார்கள். கெய்ர்னுக்கு மட்டும் சுமார் 7,900 கோடி ரூபாய் திரும்பிப் போனது.

ஒன்பது வருஷ வக்கீல் ஃபீஸ் தனி. அது யார் வீட்டுப் பணம் என்று கேட்டேன். நண்பர் காபி குடிக்கலாமா என்றார்.