பழையது பழுதா?

பழைய ஹெட்போன் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் மன்றத்தில் பலர் உளர். பிறர் காதில் இருந்ததை நம் காதில் வைப்பதா என்கின்றனர். நூலகத்திலே நூறு பேர் புரட்டிய புத்தகத்தை மடியில் வைத்துப் படிப்பவர்களும் அவர்களே! காதில் படும் உறையை மாற்றிவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது. கருவி புதியதா, பழையதா என்று நான் கேட்பதில்லை. அதைத் திறந்து பார்க்க முடியுமா என்றே கேட்கிறேன்.

கம்பியுள்ள ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு மெல்லிய சவ்வு, அவ்வளவே. இவை எளிதில் கெடுவதில்லை. பிளக்கை ஒட்டி, நாள்தோறும் மடங்கும் இடத்தில் கம்பிதான் உள்ளுக்குள் அறுந்துபோகிறது. ஒரு காது ஊமையாகிறது. கம்பியை அசைக்கும்போது ஒலி வந்து வந்து போனால் நோய் அங்கேதான். அவ்விடத்தை வெட்டி எறிந்து, புதிய 3.5 மில்லிமீட்டர் பிளக் ஒன்றைச் சால்டரிங் செய்தால் பிழைத்துக்கொள்ளும். மெல்லிய இழைகளின் மேல் வண்ண அரக்குப் பூச்சு உண்டு. அதைச் சுட்டோ சுரண்டியோ எடுக்காவிடில் ஈயம் ஒட்டாது. இச்சிறு செய்தியை அறியாமல் எத்தனை பேர் நல்ல கருவியைக் குப்பையில் போடுகின்றனர்!

சுனாபட்டியில் ஹார்பர் லைன் வண்டி ஏறி சாண்டர்ஸ்ட் ரோட்டில் இறங்கினால் சோர் பஜார் நடை தூரந்தான். பிளக்கும் கம்பியும் வேண்டுமானால் கிராண்ட் ரோடு பக்கம் லாமிங்டன் ரோடு இருக்கிறது. பாட்டைப் போடச் சொல்லி, இரு காதிலும் கேட்டு, கம்பி முழுவதையும் விரலால் அசைத்துப் பார்த்த பின்னரே விலை பேசுக. ஒலி கரகரத்தால் சவ்வே கெட்டிருக்கலாம். கை வைக்க வேண்டா. இருநூறு ரூபாய்க்குப் புதியது கிடைக்கிறதே என்பீர்கள். அந்த விலைக்கு வரும் கம்பியின் உறுதியை நான் அறிவேன். அதைவிட, நல்ல கருவி ஒன்றைப் பழுதோடு வாங்கிச் செப்பனிடுவதே எனக்கு உவப்பு.

கம்பியில்லா வகையின் கதை வேறு. 2016-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் ஹெட்போன் துளையை அடைத்தது. அவ்வாண்டே ஏர்பாட்ஸையும் கொண்டுவந்தது. இன்று வகுப்பில் பாதிப் பேர் காதில் அதன் உறவினர்களே குடியிருக்கின்றனர். ஒவ்வொரு காதுக்குள்ளும் ஒரு சிறு லித்தியம் பேட்டரி. சில நூறு முறை சார்ஜ் ஏற்றியபின் அது தளரும். பெட்டியில் சும்மா கிடந்தாலும் மூப்படையும். உறையோ பசையிட்டு ஒட்டியது. திறக்கப் போனால் உடையும். இதைப் பழையதாக வாங்குவது, பிறர் எரித்துத் தீர்த்த மெழுகுவத்தியின் அடியை வாங்குவது போன்றது. வேண்டுமென்றால் புதிதாகவே வாங்குங்கள், அதன் ஆயுளை எண்ணிக்கொண்டு.

எறிந்தது எங்கே போகிறது? பெருந்தொலைவு போவதில்லை. தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைக் கையால் பிரித்து, அரைத்து, கழுவி, மணிகளாக்குகின்றனர். நம்மில் சிலருடைய வீடுகளுக்கு அடுத்த தெருதான் அது. கம்பியுள்ள கருவி வந்தால் பிரிப்பவர் காந்தத்தையும் செம்பையும் தனியே எடுத்துவிடுவார். ஒட்டி மூடிய லித்தியம் பேட்டரியோ நசுங்கினால் தீப்பற்றும். மின்கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்னும் 2022-ஆம் ஆண்டின் விதிகள், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அந்தப் பொறுப்பு பிரிப்பவரின் விரல் நுனி வரை வந்து சேர்ந்ததா?

மன்றச் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மன்ற அறையைத் திறந்துவிடுங்கள். சால்டரிங் கோலும் ஈயமும் நான் கொண்டுவருகிறேன். ஊமையான ஹெட்போன்களை நீங்கள் கொண்டு வாருங்கள்.