நீல அட்டை வந்தாயிற்று, ஓட்டோடு நிறுத்திக்கொள்வதா?

2018 ஜூலையில், 60 வயதைக் கடந்த, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம்மவர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். நாடு சுதந்திரம் அடைந்து 61 ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில்! தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தவர்களுக்கு இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அது இருக்கட்டும்.

நீல அட்டை கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? தலைவர்கள் வருகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், "மறக்காமல் ஓட்டுப் போடுங்கள்" என்கிறார்கள். "நீங்களே தேர்தலில் நில்லுங்கள்" என்று ஒருவராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? நம் வீட்டிலேயே சொல்வதில்லை. "கார்டு கிடைத்ததே பெரிசு, வம்பு எதற்கு" என்பதுதான் நம்மவர் பேச்சு.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 47ஆம் பிரிவுப்படி, இந்நாட்டில் வசிக்கும், 18 வயது நிறைந்த எந்தக் குடிமகனும் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாம். இங்கே பிறந்தவரா, மனுச் செய்து குடியுரிமை பெற்றவரா என்று அது பிரிக்கவில்லை. இத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. மனுச் செய்து இயல்புரிமைக் குடியுரிமை பெற்றவருக்கு அடைக்கப்பட்ட கதவுகள் பிரதமர் பதவியும், மாநிலத்தில் மந்திரி பெசார் அல்லது முதலமைச்சர் பதவியும்தான். நம் தாமானில் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டு அலைகிறோம். பிரதமர் நாற்காலியையா கேட்டோம்?

எச்சரிக்கையும் வேண்டும். இயல்புரிமையால் வந்த குடியுரிமையை அரசு பறிக்க 25ஆம் பிரிவு இடம் தருகிறது. குடியுரிமை பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குள் 12 மாதச் சிறையோ 5,000 வெள்ளி அபராதமோ விதிக்கப்பட்டால் ஆபத்து. நாட்டுக்கு விசுவாசமற்ற பேச்சு என்றும் ஒரு காரணம் அதில் இருக்கிறது. பிறப்பால் குடிமகனானவர் மேடையில் முழங்கும் அதே வார்த்தையைப் புதுக் குடிமகன் நாலு முறை யோசித்துப் பேசவேண்டிய நிலை. இது என்ன சமத்துவம்? வேட்பாளர் ஆவோருக்குப் பொதுவான தடைகளும் உண்டு: 2,000 வெள்ளி அபராதத் தண்டனை பெற்றவருக்குத் தகுதி இல்லை, அபராதம் விதிக்கப்பட்டு ஐந்து ஆண்டு கழிய வேண்டும். நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் திவாலானவரும் நிற்க முடியாது.

ஆனால் நம்மைத் தடுப்பது சட்டத்தைவிடப் பணம்தான். நாடாளுமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 10,000 வெள்ளி, சட்டமன்றத்துக்கு 5,000. பதாகைகளை அகற்றுவதற்கென்று தனியாக 5,000, 3,000. எட்டில் ஒரு பங்கு ஓட்டு கிடைக்காவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து பிழைக்கும் குடும்பம் இதற்கு எங்கே போகும்?

சாமானியன் முதல் அடி வைக்கவேண்டிய இடம் ஊராட்சி மன்றம். அந்தத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. நம்மவரான ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் தேர்தல் மீண்டும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டமோ அதை ஒரேயடியாக மூடிவிட்டது. இன்றும் கவுன்சிலர்கள் நியமனம்தான், கட்சிக்காரனுக்குக் கட்சி கொடுக்கும் பரிசு.

சிங்கப்பூரில், மலேசியாவில் பிறந்த டாக்டர் ஜனில் புதுச்சேரி 2008இல் குடியுரிமை பெற்று 2011இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். தேசிய சேவை செய்யாதவர் என்று கேள்வி எழுந்தது, நேராகப் பதில் சொன்னார். ஆளுங்கட்சியின் பலம் அவருக்கு இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. நம் பக்கம் பணமில்லாத உதாரணமும் உண்டு. 2008இல் இசா சட்டத்தில் கமுண்டிங் முகாமில் இருந்தபடியே மனோகரன் கோத்தா ஆலாம் ஷாவில் வென்றார். ஓட்டுக் கேட்டு அவரால் ஒரு வீட்டுப் படிகூட ஏற முடியவில்லை, மக்கள்தான் அவருக்காக நடந்தார்கள்.

அடுத்த தேர்தலில் உங்கள் தாத்தாவோ அத்தையோ வேட்பாளர் ஆகாவிட்டாலும் போகட்டும். வேட்புமனுவில் முன்மொழிபவராகவும் வழிமொழிபவராகவும் அந்தத் தொகுதி வாக்காளர்கள் வேண்டும், அந்தக் கையெழுத்தை அவர்கள் போடலாம். 2021 டிசம்பர் முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது, பாரம் நிரப்ப வேண்டாம். ஆனால் தொகுதி, அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படிதான். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தவர்கள் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிட்டீர்களா? இந்த வாரமே அட்டையை எடுத்துப் பாருங்கள்.